முடிச்சில் கட்டிய காசு

நம்மைக் கஞ்சர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சித்தூர், புத்தூர், நகரி, குப்பம், திருப்பதி என்று ஆந்திர எல்லைக்குள் தமிழ் பேசிக்கொண்டு வாழும் நம் வீடுகளில் மஞ்சள் துணியில் காசு முடியாத வீடு அரிது. பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை என்றால் ஒரு முடிச்சு. பெண்ணுக்கு வரன் தள்ளிப்போனால் ஒரு முடிச்சு. புரட்டாசி சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போட்டு மாவிளக்கு ஏற்றுகிறோம். நாமம் இட்டுக்கொண்டு, செம்பை ஏந்தி, வீடுவீடாக ‘கோவிந்தா’ சொல்லி அரிசியும் சில்லறையும் வாங்கி அதையும் திருமலைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், புத்தூர் வழியாகக் கால்நடையாக வருகிறவர்களுக்குச் சாலை ஓரத்தில் பந்தல் போட்டு மோர் ஊற்றுகிறோம், புளியோதரை கட்டிக் கொடுக்கிறோம்.

கொடுப்பதில் நாம் குறை வைக்கவில்லை. யாருக்கு, எதற்கு, எத்தனை நாளைக்கு என்று யோசிப்பதில்தான் குறை வைத்தோம். பல ஆண்டுகளாக, குடும்பம் குடும்பமாக, சங்கம் சங்கமாக அந்த யோசனையைத் தள்ளிப் போட்டோம். அதைத்தான் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2022 ஏப்ரலில் திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். உடலை ஊருக்குக் கொண்டுபோக அங்கிருந்த தனியார் ஆம்புலன்ஸ்காரர்கள் கேட்ட தொகையைத் தகப்பனால் கொடுக்க முடியவில்லை. உறவினர்கள் வெளியிலிருந்து ஏற்பாடு செய்த வண்டியையும் அவர்கள் உள்ளே வர விடவில்லை. அரசின் இலவச அமரர் ஊர்தி அந்த நேரத்தில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. தகப்பன் மகனின் உடலை மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு சுமார் 90 கிலோமீட்டர் போனார். படம் நாடு முழுக்கப் பரவியது. கைது, விசாரணை, பணியிடை நீக்கம் என்று சில நாள் செய்தி வந்தது. பிறகு நின்றது.

ஓட்டுநர்களைத் திட்டினோம், மருத்துவமனையைத் திட்டினோம், அரசாங்கத்தைத் திட்டினோம். அவர்கள் மேல் தவறு இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் இது நடந்த ஊர் எது? 2025-26க்குத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் போட்ட பட்ஜெட் 5,258 கோடி ரூபாய். அதில் உண்டியலில் மட்டும் 1,729 கோடி வரும் என்று எதிர்பார்த்தார்கள். அந்த உண்டியலில் விழும் காசில் நம்முடையதும் இருக்கிறது. அடிவாரத்தில், அதே ஊரில், ஓர் ஏழைப் பிள்ளையின் உடலை வீடு சேர்க்க வண்டி இல்லை. அந்த வண்டிக்காக முடிச்சு போட வேண்டும் என்று நம் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. அது வேண்டுதலில் சேராது. அமங்கலம். அதன்மேல் பெயர் எழுதினாலும் பெருமையில்லை. இந்த மூன்று காரணங்களையும் நாம் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் முடிவெடுத்தது இவைதான்.

மலையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தேவஸ்தானம் செய்கிற காரியங்களில் பலவற்றை நாமே அறியாமல் இருக்கிறோம், அதுவும் நம் அலட்சியத்தில் சேரும். அனாதைப் பிள்ளைகளுக்கான பாலமந்திரம் 1943இலிருந்து இருக்கிறது. பிராணதான அறக்கட்டளை உயிர்காக்கும் சிகிச்சைக்குப் பணம் தருகிறது. பிர்ட் மருத்துவமனையில் போலியோவால் கால் மடங்கியவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்து நடக்க வைத்திருக்கிறார்கள். 2021 அக்டோபரில் திறந்த பத்மாவதி குழந்தைகள் இதய மருத்துவமனையில் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டையோடு வந்த பிள்ளைகள் பிழைத்துப் போகிறார்கள். இவற்றுக்கெல்லாம் தனித்தனியே நன்கொடை கொடுக்கலாம். உண்டியலில் போடும் காசும் இந்தக் கணக்கில் எழுதிக் கொடுக்கும் காசும் போய்ச் சேரும் இடம் ஒன்றல்ல. வரிசையில் பத்து மணி நேரம் நிற்கப் பொறுமை இருந்த நமக்கு இந்த வித்தியாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பொறுமை இல்லாமல் போயிற்று.

தெரிந்துகொண்டவர்களும் எதைத் தேர்ந்தெடுத்தோம்? ஸ்ரீவாணி அறக்கட்டளைக்கு 10,000 ரூபாய் கொடுத்தால் பிரேக் தரிசன டிக்கெட் வாங்கும் உரிமை வரும். மற்ற அறக்கட்டளைகளிலும் பெரிய தொகைக்குத் தரிசனம், தங்கும் அறை, லட்டு என்று சலுகைகள் உண்டு. நன்கொடையாளரை மதிக்க ஒரு நிறுவனம் செய்யும் ஏற்பாடு அது. நாம் அதைத் தலைகீழாக்கிக் கொண்டோம். எந்தக் காரியத்துக்குப் போகிறது என்று பார்க்காமல், எதற்கு என்ன கிடைக்கும் என்று பார்த்துக் கொடுத்தோம். உறவினர் வந்தால் “எந்த டிரஸ்டுக்குக் கட்டினால் சீக்கிரம் சாமி பார்க்கலாம்?” என்று கேட்கிறார், நாமும் விவரமாகச் சொல்கிறோம். அந்த டிரஸ்ட் என்ன செய்கிறது என்று அவரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

பணத்தில் மட்டும் இல்லை, நேரத்திலும் இதே கதைதான். திருமலையில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்ரீவாரி சேவைக்கு நம்மவர்கள் விடுப்புப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு வாரம் தங்கி, வரிசையில் நிற்பவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, அன்னப்பிரசாதக் கூடத்தில் காய் நறுக்கி, பரிமாறிவிட்டு வருகிறார்கள். உடம்பு வணங்கிச் செய்யும் நல்ல காரியம் அது. அப்படிப் போய்வந்த அக்கா ஒருவர் முகத்தில் இருந்த நிறைவு பொய்யில்லை. ஆனால் அதே ஒரு வாரத்தை ரூயாவின் வெளிநோயாளி வாசலில் செலவழிக்க நம்மில் எத்தனை பேர் நினைத்தோம்? அங்கே படிக்கத் தெரியாத கிழவி சீட்டை வைத்துக்கொண்டு எந்த அறைக்குப் போவது என்று தெரியாமல் நிற்கிறாள். தெலுங்கு புரியாமல் திருத்தணிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் விழிக்கிறார்கள். இரண்டு மொழியும் தெரிந்த நம்மைவிட அங்கே உதவத் தகுந்தவர் யார்? எல்லையில் பிறந்ததால் நமக்குக் கிடைத்த ஒரே சொத்து இந்த இரட்டை நாக்குதான். அதைக் கடை வியாபாரத்துக்கும் சம்பந்தம் பேசவும் வைத்துக்கொண்டோம்.

பிறந்தநாள் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் நாம் மிக நிம்மதியாக இருக்கிறோம். மகனுக்குப் பிறந்தநாள், அப்பாவுக்குத் திதி, கல்யாண நாள் என்றால் பக்கத்தில் ஏதாவது ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போன் செய்து ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுகிறோம். போகிறோம், கேக் வெட்டுகிறோம், முன்பின் தெரியாத பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து நம் பிள்ளைக்குப் பாட்டுப் பாடுகிறார்கள். படம் எடுத்து வாட்ஸப்பில் போடுகிறோம். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளம் தெரியும்படி எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்று 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் சொல்கிறது. சட்டம் இருப்பதே நமக்குத் தெரியாது என்று சொல்லலாம். ஆனால் சட்டம் எதற்கு? நம் மகன் யாரோ ஒருவர் வீட்டு விருந்துக்காக வரிசையில் உட்கார்ந்து பாடுவதை, அதை யாரோ படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவதை, நாம் பொறுப்போமா? இந்தக் கேள்வி ஒன்று போதுமாயிருந்தது.

அந்த இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு மூன்று குடும்பம் போட்டி போடும். செவ்வாய்க்கிழமைக்கு ஆளிருக்காது. மின்கட்டணம், சமையல்காரியின் சம்பளம், பத்தாம் வகுப்புப் பெண்ணுக்குக் கணக்கு டியூஷன், இதற்கெல்லாம் நன்கொடை கேட்டால் நமக்கு முகம் மாறுகிறது. “சாப்பாட்டுக்குன்னா சொல்லுங்க சார், சம்பளத்துக்கெல்லாம் கொடுக்க மாட்டோம்.” இதை நாம் எத்தனை தடவை சொல்லியிருப்போம்! பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்குச் சம்பளம் போகாவிட்டால் அவள் போய்விடுவாள். அவள் போனால் அந்தப் பிள்ளைகளுக்கு இன்னொரு தாய் போய்விட்டாள் என்று அர்த்தம். நம் பாயசம் அதை ஈடு செய்யாது.

இன்னொன்றும் நாம் கேட்டதில்லை. இந்தப் பிள்ளைகள் ஏன் இங்கே இருக்கிறார்கள்? இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயாவது இருக்கிறாள். வறுமைதான் அவர்களைப் பிரித்தது. பிள்ளையைக் குடும்பத்தோடேயே வைத்துக்கொள்ள மாதம் 4,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் மத்திய அரசின் மிஷன் வாத்சல்யாவில் இருக்கிறது. நம் தெருவில் புருஷனை இழந்து பூக்கட்டிப் பிழைக்கும் பெண்ணுக்கு அதற்கு மனு எழுதிக் கொடுத்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு இரண்டு தடவை கூடப் போயிருந்தால் ஒரு பிள்ளை இல்லத்துக்குப் போகாமலே இருந்திருக்கும். அதற்குக் காசே வேண்டாம். அதனால்தானோ என்னவோ அது நமக்குத் தர்மமாகத் தெரியவில்லை.

பேரிடர் நேரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலைகளில் பழந்துணி குவியல் குவியலாகக் கிடந்தது, மீனவர்கள் தொடவில்லை. அதற்குப் பிறகும் 2021 நவம்பர் வெள்ளத்தில் திருப்பதி மூழ்கி, ராயலசெருவு ஏரிக்கரை உடையுமோ என்று கிராமங்களைக் காலி செய்தபோது, நாம் மறுபடி பீரோவைத்தான் திறந்தோம். அதே ஆண்டு மே மாதம் ரூயாவில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்து 11 பேர் இறந்த பிறகு எல்லோரும் ஆக்சிஜன் கருவியைப் பற்றியே பேசினோம். செய்தி வந்த இடத்துக்குப் பணம் போகிறது. செய்தி நின்றால் பணமும் நிற்கிறது.

கணக்குக் கேட்பதையும் நாம் மரியாதைக் குறைவு என்று நினைத்துக்கொண்டோம். நன்கொடைக்கு வரிவிலக்குப் பதிவு இருக்கிறதா, போன வருடத் தணிக்கை அறிக்கை எங்கே, எத்தனை பேருக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்பது கொடுப்பவரின் கடமை. நேர்மையான நிறுவனம் இதற்குக் கோபித்துக்கொள்ளாது, சந்தோஷப்படும். இரண்டு பவுன் நகைக்கு மூன்று கடை ஏறி இறங்கும் நாம் தர்மத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டால் அதற்குப் பக்தி என்று பெயர் வைக்கக் கூடாது.

வெளியுலகில் இதைப் பற்றி ஆழமாக யோசித்திருக்கிறார்கள். 1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்குள் வந்தபோது, பீட்டர் சிங்கர் என்ற தத்துவ ஆசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டு அது அச்சானது. குளத்தில் மூழ்கும் குழந்தையைக் கண்டால் உடை நனையும் என்று நிற்போமா, அப்படியென்றால் தூரத்தில் சாகும் குழந்தைக்கு மட்டும் ஏன் நிற்கிறோம் என்பது அவர் கேள்வி. 2007இல் அமெரிக்காவில் தொடங்கிய கிவ்வெல் என்ற அமைப்பு, ஒரு ரூபாய் எங்கே போனால் அதிக உயிரைக் காக்கும் என்று ஆண்டுதோறும் கணக்குப் போட்டுச் சொல்கிறது. அந்த உழைப்பின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் ரூயாவில் இறந்த பையனின் தகப்பனுக்கு ஒரு வண்டி கொடுத்தால் எந்த உயிரும் மிஞ்சாது. அந்தக் கணக்கில் அதற்குச் சுழியம்தான் விழும். அதனால் அது வேண்டாம் என்று ஆகுமா? ஆகாது. கணக்குப் போடவே மறுத்த நம் தவறும், கணக்கில் வருவதை மட்டுமே பார்க்கும் தவறும் வேறு வேறு. இரண்டுக்கும் நடுவில் நமக்கு ஒரு வழி வேண்டும். அதற்கு நம் மண்ணிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

2022இல் மாவட்டங்களைப் பிரிக்கும்வரை மதனப்பள்ளி நம் சித்தூர் மாவட்டம்தான். 1912இல் அங்கே பல கிறித்தவ மிஷன்கள் சேர்ந்து ஒரு காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அது பிறகு ஆரோக்கியவரம் என்று பெயர் பெற்றது. டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் ஃபிரிமொட்-மொல்லர் அதன் தலைவராக இருந்து பல பத்தாண்டுகள் நடத்தினார். தென்னாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் வந்தார்கள். அப்போது மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு, இவைதான் வைத்தியம். பாலும் முட்டையும் கொடுத்து மாதக்கணக்கில் வைத்துக் காப்பாற்றினார்கள். எங்கோ குளிர்நாட்டில் இருந்தவர்கள் அனுப்பிய காசு, ஒரே ஆளுக்கு, பல மாதங்களுக்கு, சோறாக வந்து சேர்ந்தது.

பிறகு மருந்து வந்தது. 1956இல் சென்னையில் அமைந்த காசநோய் ஆய்வு மையம், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் காசநோய் மருத்துவமனையில் தங்கியிருப்பவரைப் போலவே வீட்டில் இருப்பவரும் குணமாவார், சாப்பாடு சுமாராக இருந்தாலும் குணமாவார் என்று 1959இல் காட்டியது. உலகத்தையே மாற்றிய ஆய்வு அது. கோடிக்கணக்கானோர் வீட்டிலேயே பிழைத்தார்கள். ஆனால் அதோடு காசநோயில் சோற்றைப் பற்றிய பேச்சு பின்னால் போய்விட்டது. 2023இல் வெளியான ஓர் ஆய்வில்தான் அது திரும்பி வந்தது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2,800 நோயாளிகளுக்கு மாதம் 10 கிலோ உணவுப்பொருள் கொடுத்தார்கள். சில ஊர்களில் அவர்கள் வீட்டாருக்கும் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். வீட்டாருக்கும் கொடுத்த இடங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 விழுக்காடு ஏறிய நோயாளிகளுக்குச் சாவின் அபாயம் சுமார் 60 விழுக்காடு குறைவாக இருந்தது. நோயாளி ஒருவருக்கு மாதம் ஆன செலவு ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல்.

சோறு போடுவதில் இவ்வளவு ஆசை உள்ள நமக்கு இதைவிடப் பொருத்தமான காரியம் எது? திருமலையில் 1985இல் நித்ய அன்னதானம் தொடங்கியபோது நாம் பெருமைப்பட்டோம். இன்று அந்தக் கூடத்துக்குப் பெயராக இருக்கும் தரிகொண்டா வெங்கமாம்பா நம் பக்கத்துப் பெண். பாதயாத்திரை வருகிறவருக்கு நாம் போடும் சோறு வீணில்லை. ஆனால் அவர் அன்று மாலை அடுத்த பந்தலில் இன்னொரு தடவை சாப்பிடுவார். பந்தலுக்குப் பின்னால் இருக்கும் காலனியில் இருமிக்கொண்டு படுத்திருக்கும் கல்குவாரித் தொழிலாளி அந்த வரிசைக்கு வர மாட்டார். வர வெட்கம், வர உடம்பும் இல்லை. சோற்றை வழியில் போகிறவருக்கு வைத்தோம், வழியில் வர முடியாதவரைத் தேடிப் போகவில்லை.

கல்யாண நாளுக்கு 200 பேருக்கு அன்னதானம் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இலைக்கு 90 ரூபாய் என்றாலும் 18,000 ரூபாய் ஆகிறது, ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடுகிறது. இன்றைய விலையில் ஒரு நோயாளிக்கு மாதம் 1,500 ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும், அதே தொகையில் இரண்டு பேருக்கு ஆறு மாதமும் சாப்பாட்டுச் சாமான் கொடுக்கலாம். காசநோய்ச் சிகிச்சைக்குப் பொதுவாக ஆறு மாதம்தான். 2022 செப்டம்பரில் தொடங்கிய மத்திய அரசின் நிக்ஷய் மித்ரா திட்டத்தில் யார் வேண்டுமானாலும் பதிவு செய்து, குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒரு நோயாளியின் உணவுப் பொறுப்பை ஏற்கலாம். பெரியவர் ஒருவருக்கு மாதம் 3 கிலோ தானியம், ஒன்றரைக் கிலோ பருப்பு, கால் கிலோ எண்ணெய், ஒரு கிலோ பால் பவுடர் அல்லது வேர்க்கடலை என்பது அதில் சொல்லப்பட்ட அளவு. வேர்க்கடலை விளையும் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இதை நாம் செய்திருக்க வேண்டும். நோயாளிக்கு அரசு நேராகக் கொடுக்கும் 500 ரூபாய் 2024 நவம்பரில்தான் 1,000 ஆயிற்று. அது போதாது என்று பருப்பு விலை தெரிந்த யாருக்கும் தெரியும்.

இதிலும் நம் பழைய வழக்கம் நுழைந்துவிடும் என்பதைச் சொல்லியாக வேண்டும். சில ஊர்களில் நோயாளிகளை மேடையில் நிறுத்தி, பையைக் கையில் கொடுத்து, படம் எடுத்துப் பேப்பரில் போட்டார்கள். காசநோய் என்று தெரிந்தால் இன்னும் வேலை போகிறது, வீட்டுச் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்கிறார், பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் போகிறார்கள். நோயாளி சம்மதித்தால்தான் இந்த உதவி போக வேண்டும் என்பது திட்டத்தின் விதி. பெயர் தெரியாத ஒருவருக்கு, நம் பெயரும் தெரியாமல், ஆறு மாதம் விடாமல் கொடுக்க வேண்டியிருக்கும். முதல் மாதம் உற்சாகம் இருக்கும். மூன்றாவது மாதம் மறக்கும். நான்காவது மாதம் “அவருக்குத்தான் உடம்பு தேறிவிட்டதே” என்று தோன்றும், அந்தச் சமயத்தில்தான் நோயாளிக்கும் அதே எண்ணம் வந்து மருந்தை விடுகிறார். இருவரும் ஒரே மாதத்தில் கைவிட்டால் என்ன ஆகும் என்று எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார்.

இதில் தரிசனம் கிடைக்காது. லட்டு கிடைக்காது. உபயம் என்று பெயர் எழுத இடம் கிடையாது. நம் பிறந்தநாளுக்கும் அந்த நோயாளிக்கும் சம்பந்தம் இல்லை, அவருடைய நாள்காட்டியில் மருந்து தொடங்கிய தேதி மட்டும்தான். இவ்வளவு காலமும் எதை வைத்து யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தோமோ அத்தனையும் இங்கே இல்லை.

சித்தூரிலும் திருப்பதியிலும் மாவட்டக் காசநோய் அலுவலகம் இருக்கிறது. உதவிக்குச் சம்மதித்து, இன்னும் யாரும் பொறுப்பேற்காமல் இருப்பவர்களின் எண்ணிக்கையை அங்கே கேட்கலாம், பெயர் வேண்டியதில்லை. நம் சங்கங்கள், பஜனைக் குழுக்கள், பாதயாத்திரைக் கமிட்டிகள் எல்லாம் புரட்டாசிக்கு வசூல் நோட்டு அச்சடிக்க ஆவணியிலேயே கூடுகின்றன. அந்தக் கூட்டத்தில் அந்த எண்ணிக்கையை ஒருவர் எழுந்து வாசிக்க வேண்டும். ரூயாவில் இரவு நேரத்துக்கு அமரர் ஊர்தி இப்போது எத்தனை ஓடுகிறது என்பதையும் கேட்டுவிட்டு வந்து சொல்ல வேண்டும். இந்த இரண்டு கேள்விகளையும் நாம் இன்னும் கேட்கவே இல்லை.